பேட்டரியை உருட்டுகிறவர்கள்

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு எந்தக் கருவி வந்தாலும் முதல் காரியமாக அதன் பேட்டரியைப் பிடுங்கி எறிவோம். எறிவோம் என்றால் குப்பையில் அல்ல, ஜன்னலோரம் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவில். கழற்றிய இடத்தில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து, மேசைமேல் இருக்கும் பவர் சப்ளையோடு சேர்த்துவிடுவோம். பேட்டரியை நம்ப முடியாது. காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. எங்களுக்கு வேண்டியது ஆடாமல் அசையாமல் ஒரே அளவில் வரும் மின்சாரம்.

காரணம் இருக்கிறது. ஒரு சிப் தன் ரகசியச் சாவியை வைத்துக் கணக்குப் போடும்போது, அது குடிக்கும் மின்சாரம் இம்மியளவு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தை ஆயிரக்கணக்கான தடவை பதிவு செய்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், சில சிப்புகள் சாவியைத் தாமே உளறிவிடும். கதவுப் பூட்டு, கார் சாவி, பணம் எடுக்கும் அட்டை என்று எது வந்தாலும் அது உளறுகிறதா, வாயை மூடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. வாயை மூடிக்கொண்டிருந்தால் சான்றிதழ். இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான். சுருக்கமாகச் சொன்னால், யாரும் பார்க்காதபோது ஒரு கருவி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். வீட்டில் எனக்குப் பெயர் ‘சந்தேகம்’. சின்ன வயதில் அக்கா வைத்தது. பால் கொடுத்தால் குடிப்பதற்கு முன் டம்ளரைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேனாம்.

இந்தத் தடவை வந்தது இன்சுலின் பம்ப். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். கூடவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரிமோட். ரிமோட்டை அழுத்தினால் உத்தரவு ரேடியோ வழியாகப் போகும், பம்ப் அந்த அளவு மருந்தை உடம்புக்குள் செலுத்தும். உடம்பில் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்க ஆரம்பித்தால் தானாகவே நிறுத்திக்கொள்ளும்.

தானாகவே நிறுத்திக்கொள்ளும் என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் எங்கள் வீடே காத்திருந்தது.

அக்காவுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே சர்க்கரை நோய். ஆனால் அவளைப் பார்த்தால் யாரும் நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்துச் சீட்டில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மட்டும் நம்பி, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். அந்தப் பழக்கதோஷம் காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் போனாலும், டிவியில் கார் துரத்தல் வந்தாலும் அவளுடைய வலது கால் தரையை அழுத்தும்.

நாலைந்து மாதத்துக்கு முன் ஒரு வகுப்பின் நடுவே அவளுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. வலது பக்கம் திரும்பச் சொல்ல வேண்டிய இடத்தில் வேறு ஏதோ பேசியிருக்கிறாள். கற்றுக்கொள்ள வந்த பெண் பயந்துபோய் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, ஸ்கூல் முதலாளிக்குப் போன் செய்துவிட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் முதலாளி அக்காவைக் காரிலிருந்து இறக்கி டெலிபோன் முன்னால் உட்கார வைத்துவிட்டார். டாக்டர் ஒரே வார்த்தை சொன்னார்: பம்ப் மாட்டிக்கொண்டால் மறுபடி காரில் உட்காரலாம், அதுவரை கூடாது. ஆஸ்பத்திரி அந்த பம்ப்புக்குச் சொல்லிவைத்திருந்தது. எங்கள் சான்றிதழ் வந்ததும் வாங்கிவிடுவார்கள். முதலில் அக்காவுக்குத்தான்.

இதை நான் மறைக்கவில்லை. பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எங்கள் தலைமை அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் “நிதானமா, நிதானமா” என்பதால் அவருக்கு எங்களுக்குள் பெயர் நிதானம் சார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“உங்க அக்காவுக்குத்தான் வரப்போகுதுன்னா நீ அவசரப்படுவியா, ஜாஸ்தியாத் துருவுவியா?”

“தெரியலை சார்.”

“தெரியும்னு சொல்லியிருந்தா வேற ஆள்கிட்டக் கொடுத்திருப்பேன். போ, நிதானமாப் பாரு.”

நிதானமாகத்தான் பார்த்தேன். வாரக்கணக்கில் அந்த ரிமோட்டின் வயிற்றில் ஒயரைச் சொருகி, அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். பம்ப்பில் மருந்துக்குப் பதில் தண்ணீர். கீழே ஒரு கண்ணாடிக் குடுவை. உத்தரவு போனால் டிக்கென்று ஒரு சத்தம், குழாய் முனையில் ஒரு துளி. சாவி உளறவில்லை. சூடாக்கினேன், உளறவில்லை. மின்சாரத்தைக் குறைத்தேன், கூட்டினேன், சிப்பைத் திடுக்கிட வைக்கப் பார்த்தேன், ஊஹூம். செய்தவன் மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

வேலை விவரத்தை வீட்டில் பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, “கிட்டத்தட்ட” என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் வெளியே விட்டேன். அது போதுமாக இருந்தது. அக்கா எழுந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். ராத்திரி ராத்திரியாக அலாரம் வைத்து எழுந்து அக்காவுக்குச் சர்க்கரை பார்க்கிற மனிதர் அவர். கண்ணைத் துடைக்கத்தான் போனார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

சாப்பிட்டு முடித்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். அக்கா ரிமோட்டை அழுத்தினாள், சேனல் மாறவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு உலகத்தில் எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பின் மூடியைக் கழற்றி, கட்டை விரலால் பேட்டரிகளை அப்படியே இருந்த இடத்தில் உருட்டினாள். கரகரவென்று ஒரு சத்தம். அழுத்தினாள், சேனல் மாறியது.

“என்னடி, பேயைப் பாத்த மாதிரி முழிக்கற?”

“ஒண்ணுமில்லை” என்றேன். பேட்டரியை உருட்டினால் மின்சாரம் கணத்துக்குக் கணம் அறுந்து அறுந்து வரும். உள்ளே இருக்கும் சிப் செத்துச் செத்துப் பிழைக்கும். இத்தனை வாரத்தில் என் மேசையில் இருந்த ரிமோட்டுக்கு ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. நடக்க நாங்கள் விட்டதில்லை. பேட்டரி பிஸ்கட் டப்பாவில் அல்லவா இருக்கிறது!

மறுநாள் கூடத்துக்கு முதல் ஆளாகப் போய், இன்னும் ஒயர் வைக்காத ஒரு ரிமோட்டை எடுத்துப் பேட்டரி போட்டேன். போட்டு உருட்டினேன்.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். ரிமோட் அனுப்பும் ஒவ்வொரு உத்தரவுக்கும் ஒரு டோக்கன் எண் உண்டு. ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி முன்னால் மட்டும்தான் போகும், கூப்பிட்ட எண்ணை மறுபடி கூப்பிடக் கூடாது. உத்தரவு ரகசியப் பூட்டுப் போட்டுத்தான் காற்றில் போகிறது என்றாலும், அந்தப் பூட்டை உடைக்காமலேயே ஒருவன் அப்படியே பிடித்துவைத்துக்கொண்டு, பிற்பாடு திருப்பி அனுப்பலாம் இல்லையா? அப்போது பம்ப், “இந்த டோக்கன் பழசு, போடா” என்று தள்ளிவிடும். அதுதான் காவல். ஆனால் இந்த ரிமோட் எல்லா எண்ணையும் நிரந்தரமாக எழுதிவைப்பதில்லை. எழுதி எழுதி நினைவகம் தேய்ந்துவிடும் என்று அறுபத்து நான்குக்கு ஒரு தடவை மட்டும் எழுதும். மின்சாரம் போய்த் திரும்பினால், கடைசியாக எழுதிவைத்த எண்ணிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். அதற்காக நோயாளி மருந்தில்லாமல் நிற்கக் கூடாதே என்று, ரிமோட் “இப்போதுதான் விழித்தேன்” என்று சொன்னால் பம்ப்பும் அந்தப் பழைய எண்ணுக்கே இறங்கி வரும்படி செய்திருந்தார்கள். நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தில் போட்ட ஓட்டைதான் கண்ணுக்கே தெரியாது.

உருட்டுவதற்கு முன் நான் கொடுத்த உத்தரவுகளை என் ரேடியோ பிடித்துவைத்திருந்தது. உருட்டின பிறகு அவற்றைத் திருப்பி அனுப்பினேன். ரிமோட் மேசையின் அந்தக் கோடியில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

டிக். ஒரு துளி. டிக். இன்னொரு துளி.

குடுவையில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது தண்ணீர்தான். ஆனால் எனக்கு அக்காவின் இடுப்புதான் தெரிந்தது. பார்க்கப் பிடிக்காமல் பம்ப்பை அணைத்துவிட்டேன்.

அன்று மதியம் நிதானம் சார் அறையில் ஸ்பீக்கர் போனில் கம்பெனி எஞ்சினியரைக் கூப்பிட்டோம். நடந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

“பேட்டரியை யாருங்க உருட்டச் சொன்னது?” என்றார்.

“யாரும் சொல்லலை. உருட்டுவாங்க” என்றேன்.

“உருட்டக் கூடாதுன்னு கையேட்டுல ஒரு வரி போட்டுடறோம்.”

“முழுப் பூசணிக்காயை ஒரு வரிச் சோத்துல மறைக்கப் பாக்கறீங்க.”

நிதானம் சார் என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். எஞ்சினியர் கோபப்படவில்லை. அவர் குரலில் தூக்கம் போதாத களைப்பு இருந்தது. “மேடம், சரிபண்றது ஒரு வரிதான். மறுபடி விழிச்சா பின்னாடி போகாம, அறுபத்து நாலு எண் முன்னாடி தாண்டச் சொல்லணும். ஆனா மாத்தினா எல்லாச் சோதனையும் முதல்லேருந்து. மாசக்கணக்குல ஆகும். எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

ஒருத்தியை எனக்குத் தெரியும். அதைச் சொல்லவில்லை. சான்றிதழ் தர இயலாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து தாமதம் என்று அக்காவுக்குச் செய்தி போன பிறகுதான் நான் வாயைத் திறக்க முடிந்தது. அவளுக்குப் புரியும்படி சொன்னேன். டிவி ரிமோட்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

“அப்போ நான் பேட்டரி உருட்டினதாலதான் எனக்கு பம்ப் இல்லைங்கற. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டேன்.”

“நீ உருட்டாட்டியும் ஒரு நாள்...”

“இரு, நான் ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் பஸ்ல என் பக்கத்துல உக்காந்து, நான் போடற மருந்தையெல்லாம் ரேடியோவுல பிடிச்சு வெச்சுக்கிட்டு, நான் எப்போ பேட்டரி உருட்டுவேன்னு பின்னாடியே அலைஞ்சு என்னைக் கொல்லப் பாக்கறான். அவ்வளவு பொறுமைசாலி யாருடி இருக்கான்? உங்க மாமாவுக்கே அவ்வளவு பொறுமை கிடையாது.”

“என்னை ஏன் இழுக்கற?” என்று சமையலறையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

“உன்னை மட்டும் வெச்சுப் பாக்க முடியாதுக்கா” என்றேன். “இதை ஆயிரக்கணக்கான பேர் இடுப்புல கட்டிக்கப் போறாங்க.”

“அந்த ஆயிரம் பேரும் இன்னைக்கு என்ன பண்றாங்க? ஊசியும் கையுமா உக்காந்திருக்காங்க. ராத்திரி தூங்கினா காலைல எழுந்திருப்போமான்னு தெரியாம படுக்கறாங்க. அதையும் உன் கணக்குல சேத்துக்கோ, சந்தேகம்.”

என் அறிக்கையில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. திருடுகிறவனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும், எவ்வளவு செலவு ஆகும், எவ்வளவு பக்கத்தில் வர வேண்டும் என்றெல்லாம் எழுதலாம். காத்திருக்கிறவளுக்கு என்ன ஆகும் என்று எழுத மட்டும் இடமில்லை. அக்கா சொன்னது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் குடுவையில் சொட்டின தண்ணீரைப் பார்த்தவள் நான். பார்த்துவிட்டுப் பார்க்கவில்லை என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?

அதன் பிறகு அக்கா என்னோடு சண்டை போடவில்லை, பேசவும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. “உங்க மச்சினிகிட்டச் சொல்லுங்க, துணி காயுது” என்று மாமாவிடம் சொல்வாள். நான் பக்கத்திலேயே நிற்பேன். மாமா திரும்பி, “துணி காயுதாம்” என்பார். டிரைவிங் ஸ்கூலில் அவளுடைய கார் வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது. பிரேக்கைக் கண்டபடி மிதித்துத் தேய்த்துவிட்டான் என்று மாமாவிடம் புலம்பியது என் காதில் விழுந்தது.

கம்பெனியிலிருந்து திருத்திய ரிமோட் வந்தது. சொன்னபடியே பின்னால் போகாமல் முன்னால் தாண்டியது. மின்சாரத்தைத் தானாக வெட்டி வெட்டிச் சேர்க்க ஒரு சின்ன இயந்திரம் செய்து, ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் எங்கள் வழக்கப்படி முழு வரிசை உத்தரவுகளையும் அனுப்பிப் பதிவு செய்தேன். ஒரு எண்கூடத் திரும்ப வரவில்லை.

“இயந்திரம் சரி” என்றார் நிதானம் சார். “மனுஷக் கை எப்படி உருட்டும்?”

கூடத்தில் இருந்த எல்லாரையும் உருட்டச் சொன்னோம். எஞ்சினியர்களுக்குப் பேட்டரி உருட்டத் தெரியாது என்பது அன்று நிரூபணமானது. பக்கத்து மேசைக்காரர் பேட்டரியை வெளியே எடுத்து, பிளஸ் மைனஸ் பார்த்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோலத் திரும்ப வைத்தார்.

“உங்க அக்கா வருவாங்களா?” என்றார் நிதானம் சார்.

“சார், இது பாஸ் ஆகணும்னு அவங்களைவிட ஆசைப்படறவங்க இந்த உலகத்துல கிடையாது.”

“தெரியும். எண்ணையெல்லாம் நாம பாத்துக்கலாம். அவங்க கை மட்டும் போதும்.”

மாமா வழியாகத்தான் கேட்டேன். அக்கா ஒரு நாள் யோசித்துவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து, “எத்தனை மணிக்கு வரணும்?” என்றாள்.

டிரைவிங் ஸ்கூல் சட்டையிலேயே வந்தாள். என் மேசையைச் சுற்றிப் பார்த்தாள். ஒயரும் பெட்டியும், மின்சாரத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்புமாகக் கிடந்ததைப் பார்த்து, “யானை புகுந்த வீடு மாதிரி வெச்சிருக்க. இதுலயா என் உயிரைச் சோதிக்கற?” என்றாள். எனக்குத் திட்டு வாங்கினதில் அவ்வளவு சந்தோஷம்!

பம்ப் பக்கத்தில் தண்ணீர்க் குடுவை. எதிரே கணினித் திரை. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் காற்றில் போகும் டோக்கன் எண் அதில் பெரிதாகத் தெரியும், அடுத்தது வந்ததும் பழையது மறைந்துவிடும். அக்காவிடம் ரிமோட்டைக் கொடுத்தேன். உருட்டினாள். கரகரவென்று அதே சத்தம். அழுத்தினாள். டிக், ஒரு துளி. பிறகு நான் வழக்கப்படி முழு வரிசையையும் ஓட விட்டேன். அது முடிகிறவரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். மறுபடி உருட்டினாள், அழுத்தினாள், மறுபடி வரிசை.

“இவ்வளவு நேரம் யாருடி காத்திருப்பாங்க?” என்று கொட்டாவி விட்டாள்.

நாலாவது தடவையோ ஐந்தாவதோ, உருட்டி அழுத்தினதும் திரையைப் பார்த்துக் கத்தினாள். “ஏய், ஐயாயிரத்து நூத்தி எண்பத்தி நாலு! நம்ம ஸ்கூல் வண்டி நம்பர்டி! என் வண்டி!” பக்கத்து மேசைக்காரர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! நல்ல சகுனம் என்றாள். சகுனத்தை எல்லாம் நம்பாதவள் நான், அன்று நம்பத் தயாராக இருந்தேன்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கம்பெனி எஞ்சினியர். வரிசையை ஓட விடாமலே எழுந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்று பேசினேன்.

“மேடம், முடியப் போகுதா? நல்ல செய்திதானே?”

“இதுவரைக்கும் நல்லாத்தான் போகுது” என்றேன்.

கண்ணாடி வழியே அக்கா தெரிந்தாள். அவளுக்குச் சும்மா உட்கார முடியாது. வீட்டில் செய்வதுபோலவே மறுபடி ரிமோட்டை உருட்டி அழுத்தினாள். அழுத்தினவள் திரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தாள். இன்னொரு தடவை உருட்டினாள். அழுத்தினாள். இந்தத் தடவை ரிமோட்டை மேசைமேல் மெதுவாக வைத்துவிட்டாள்.

எஞ்சினியர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் ஏறவில்லை. அக்கா பக்கத்து மேசையைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் அவளைக் கவனிக்கவில்லை. குடுவையைப் பார்த்தாள். ரிமோட்டை எடுத்து மூடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். மேசைக்கு அடியில் அவளுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று தெரியாது. எனக்கு நெடுநேரமாகத்தான் தோன்றியது.

பிறகு எழுந்து வந்து கதவைத் திறந்தாள்.

“போனை வெச்சுட்டு வா.”

“என்னக்கா?”

“போன வண்டி திரும்ப வந்திருக்கு. அதே நம்பர். ரெண்டு தடவை.”

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. ரிமோட் விழித்ததும் முன்னால் தாண்டுகிறது, சரி. ஆனால் தாண்டிப் போய் நின்ற இடத்தை உடனே எழுதிவைப்பதில்லை. முழு வரிசை ஓடினால் நடுவில் எப்படியும் எழுதிவிடும். உருட்டி, அழுத்தி, உடனே மறுபடி உருட்டினால் பழைய இடத்திலிருந்தே தாண்டி அதே எண்ணில் போய் விழும். நானும் என் இயந்திரமும் ஒவ்வொரு தடவையும் அதற்கு மூச்சு விட நேரம் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரே தடவை உருட்டிவிட்டு நிறுத்துகிற மனுஷப் பிறவி எங்கே இருக்கிறது? முதல் தடவை பேட்டரியைக் கழற்றி எறிந்து தப்பு செய்தோம், இரண்டாவது தடவை பேட்டரியைப் போட்டுக்கொண்டும் அதே தப்பைச் செய்தோம்.

நிதானம் சாரிடம் சொன்னேன். அவர் எஞ்சினியரிடம் சொன்னார். இன்னொரு திருத்தம், இன்னொரு தடவை எல்லாச் சோதனையும். அக்கா தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அந்த முகம். ஆனால் அழவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். சிக்னலில் பஸ் நின்று கிளம்பியதும் கேட்டாள்.

“நான் ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லணும்.”

“கேளு.”

“நான் சொல்லாம விட்டிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

எங்கள் கணினி ஒவ்வொரு எண்ணையும் குறித்துக்கொண்டுதான் இருக்கும். யார் எப்போது அழுத்தினாலும் சரி, ஒரே எண் இரண்டு தடவை வந்திருந்தால் மாலையில் கணக்கு முடிக்கும்போது சிவப்பில் காட்டிவிடும். அக்கா வாயைத் திறந்திருந்தாலும் திறக்காவிட்டாலும் அன்று சாயங்காலத்துக்குள் எனக்குத் தெரிந்திருக்கும். அது அவளுக்குத் தெரியாது. தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள்.

“தெரிஞ்சிருக்காதுக்கா” என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாழ்க்கையில் ஒரு தடவைகூட என் பொய்யைப் பிடிக்காமல் விட்டவள் இல்லை. அன்று விட்டுவிட்டாள், அல்லது நான் நன்றாகச் சொல்லிவிட்டேன்.

“அதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன், உள்ள உக்காந்து” என்றாள். பிறகு, “ரொம்ப நேரம் யோசிச்சேன்டி” என்றாள்.

“பாத்தேன்” என்றேன்.

எங்கள் நிறுத்தம் வந்தது. டிரைவர் பிரேக் போடுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே அக்காவின் வலது கால் தரையை அழுத்தியது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மாமாவைப் பார்த்து, “உங்க மச்சினிகிட்டச் சொல்லுங்க, எனக்குப் பசிக்குது” என்றாள்.